சுங்கவரி இல்லாத ஆறு பெட்டி

3 பிப்ரவரி

தங்கைக்கு,

உனக்குச் சலுகை உத்தரவு வந்துவிட்டதாமே. வாழ்த்துகள். இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று தாள் கிழித்தேன், அதனால் கொஞ்சம் மதிப்புக் கொடுத்து வாங்கிக்கொள்.

செய்தி உன்னிடமிருந்து வரவில்லை. பாகம் பிரித்த பிறகும் நம் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கிற வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார். உன் ஆலையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாயாம். அவருக்கு இரண்டு கொடுத்தாயாம். ஒன்றை எனக்கு நீட்டினார். எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை, அது உனக்கும் தெரியும்.

நானும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். உள்ளூரில் பொருள் தயாரிப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கும் மூலப்பொருளுக்குச் சுங்கவரி கிடையாது என்று அறிவித்திருக்கிறார்களே, நானும் பதினாறு வருஷமாக டூத் பிரஷ் செய்கிறேன், எனக்கும் கொடுங்கள் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு என் மகன் வயது இருக்கும். கைப்பிடி எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டார். வெளியிலிருந்து வருகிறது என்றேன். நைலான் முடி? அதுவும் வெளியிலிருந்துதான் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

"அப்ப நீங்க தயாரிக்கிறவங்க இல்லம்மா. பொருத்துறவங்க."

பொருத்துகிறவளாம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். உன் அத்தான் யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது முதலில் எடுக்கச் சொன்னது என்னைத்தான். மூத்தவள் என்பதால். முடி நடுகிற புது மிஷின் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். கைப்பிடி வார்க்கிற அந்தப் பழைய மிஷினை, எண்ணெய் ஒழுகுகிற அந்த இரும்புக் கழுதையை, நீயே வைத்துக்கொள் என்று உன் தலையில் கட்டினேன். நீ அழுதாய். இன்றைக்கு அரசாங்கம் என்ன சொல்கிறது? கைப்பிடியை இங்கேயே வார்க்கிறவளுக்கு முடி வரியில்லாமல் வரும், மற்றவளுக்கு இல்லை என்கிறது. கழுதை உன்னைத் தூக்கிவிட்டது. முதலில் கை வைத்தவள் நான். என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் உன்மேல் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

ஆலைக்கு நடுவே சுவர் எழுப்பிய அன்று போனில் நாம் பேசிக்கொண்ட லட்சணத்தைக் கேட்டு, இனிமேல் எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதியிருக்கிறேன்.

உன் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. குறைக்க வழி இருந்தால் பார்.

அக்கா

*

7 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்த்துக்கு நன்றி. அந்த இனிப்பு பேக்கிங்கில் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதற்காக அவள் வாங்கி வந்தது. உத்தரவு வந்த விஷயத்தை நான் அன்றைக்கு யாருக்கும் சொல்லவில்லை. வாட்ச்மேன் அண்ணன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி உன்னிடம் கொடுத்திருக்கிறார்.

நான் இந்த உத்தரவை ஏமாற்றி வாங்கவில்லை. எட்டு மாதம் நடந்தேன். கைப்பிடிக்கு எந்தக் கடையில் பிளாஸ்டிக் வாங்குகிறேன், ஒரு நாளைக்கு எத்தனை வார்க்கிறேன், எத்தனை பேருக்கு வேலை என்று எல்லாவற்றுக்கும் தாள் கேட்டார்கள். அந்த மிஷினுக்கு மட்டும் எந்தத் தாளும் இல்லை. அதிகாரி அம்மா நேரில் வந்து பார்த்தார். அது ஓடும்போது அவர் காதைப் பொத்திக்கொண்டு, சரி, ஓடுகிறது என்று எழுதிக்கொண்டார்.

வருகிற முடிக்குக் கெடுபிடி உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு முத்திரை இருக்கும். என் ஆலைக்குள் இறங்கி, என் ஆலைக்குள்ளேயே பிரஷ்ஷாக வேண்டும். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டும் எங்கே போனது என்று பதிவேட்டில் காட்ட வேண்டும். தப்பினால் சலுகை போய்விடும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வாரத்தில் இரண்டு நாள் உனக்காகக் கைப்பிடி வார்த்துத் தருகிறேன். உன் அச்சு, உன் நிறம். வெளியிலிருந்து நீ இறக்குமதி செய்வதைவிடக் குறைவாகத்தான் ஆகும். கொஞ்ச நாளில் நீயும் ஒரு மிஷின் வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் உனக்கும் சலுகை கிடைக்கலாம்.

மிஷின் சத்தத்தைக் குறைக்க அடியில் ரப்பர் வைத்திருக்கிறேன். குறைந்ததா என்று சொல்.

தங்கை

*

12 பிப்ரவரி

தங்கைக்கு,

சத்தம் குறையவில்லை.

உன் கைப்பிடி எனக்கு வேண்டாம். சின்ன வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவள் நீ. இப்போது நான் உன் வாசலில் கூடையோடு நின்று, இந்த வாரத்துக் கைப்பிடி ஆகிவிட்டதா என்று கேட்க வேண்டுமாக்கும். அந்த மிஷின் ஒரு வாரம் படுத்துக்கொண்டால் என் ஆலையும் கூடவே படுக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் உனக்குத் தருவதாக இல்லை.

கைப்பிடி கதையெல்லாம் இருக்கட்டும். ஹோட்டல்காரர் விஷயத்துக்கு வா. அவர் பதினோரு வருஷமாக என்னிடம் வாங்குகிறார். அறைக்கு இரண்டு பிரஷ், நாற்பது ஹோட்டல். அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது நான் போய் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவர் நேற்று போன் செய்து, வருத்தப்படாதீர்கள், பாதி ஆர்டரை உங்கள் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன், விலை நன்றாக இருக்கிறது என்கிறார். எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று வேறு சிரிக்கிறார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

நீ அவரைத் தேடிப் போகவில்லை, அவரேதான் வந்தார் என்று எழுதப் போகிறாய். எழுதாதே. எனக்குத் தெரியும். அவரே வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ திருடியிருந்தால் உன்னைத் திருடி என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் எழுதத் தெரியும், நீ எழுதினால் மட்டும்தான் அலுவலகங்கள் படிக்கும் என்று நினைத்துவிடாதே.

அக்கா

*

2 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாளாக உன் பக்கம் சத்தம் இல்லை. முதல் நாள் கரண்ட் இல்லை என்று நினைத்தேன். பிறகு வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். உன் முடி துறைமுகத்தில் நிற்கிறதாம். சரக்கின் விலையை நீ குறைத்துக் காட்டியிருப்பதாகச் சுங்கத்துறைக்காரர்கள் சொல்ல, வரியைத் திரும்பக் கணக்கிட இரண்டு வாரம் ஆகும் என்று நம் இருவர் சரக்கையும் இறக்கித் தருகிற ஏஜென்ட் சொல்லிவிட்டாராம். ஹோட்டல்காரருக்கு நீ தர வேண்டிய பாதி பத்தாம் தேதிக்குள் போக வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். அது போகாவிட்டால் அவர் மீதியையும் என்னிடம் கொண்டு வருவார். அப்படி வருவது எனக்கு வேண்டாம்.

மீட்டர் பெட்டிக்காக நடுச்சுவரில் விட்டுவைத்த சின்னக் கதவு வழியாக ஆறு பெட்டி நைலான் முடி அனுப்பியிருக்கிறேன். உன் சரக்கு வந்ததும் ஆறு பெட்டியாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பெட்டியில் சிவப்பு முத்திரை இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் இன்றே திருப்பி அனுப்பிவிடு. நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரை அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

தங்கை

*

3 மார்ச்

தங்கைக்கு,

பெட்டிகள் வந்தன. இரண்டு பெட்டி மிஷினில் ஓடிவிட்டது.

நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் முடி என் முடியைவிட நன்றாக இருக்கிறது. அதைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். நுனி கலையவில்லை, மிஷினில் சிக்கவில்லை. வெள்ளைக்கு நடுவே அந்த இளநீல இழை அழகாக விழுகிறது. வரி மிச்சமானதும் உயர்ந்த தரத்துக்கே போய்விட்டாய் போலிருக்கிறது. என் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, சின்னம்மா கொடுத்து வைத்தவங்க என்றாள். வேலையைப் பார் என்று கத்திவிட்டேன்.

நேற்று ஐந்தரை மணிக்கு அந்தக் கதவுவரை வந்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் போன் செய்தார். பேசி முடிப்பதற்குள் மணி ஆறு தாண்டிவிட்டது.

பிறகு சொல்கிறேன். அல்லது சொல்லாமலே இருந்துவிடுகிறேன்.

அக்கா

*

15 மார்ச்

அக்காவுக்கு,

நேற்று காலை சுங்கத்துறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு மிஷினைப் பார்க்க வந்த அதிகாரி அம்மாவும் அவரோடு இரண்டு பேரும். முடி வைத்திருக்கிற அறையைத் திறக்கச் சொன்னார்கள். பெட்டிகளை எண்ணினார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள். மறுபடியும் எண்ணினார்கள். ஆறு குறைகிறது.

ஈரம் பட்டு வீணாகிவிட்டது, எரித்துவிட்டேன் என்றேன். நைலானை எரித்தால் வருகிற நாற்றம் நாலு தெருவுக்கு வீசுமே, யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று உனக்குத் தெரியும்.

அறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சலுகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. அதில் சரியான பதில் இல்லையென்றால் உத்தரவு ரத்து. அது மட்டுமில்லை, இதுவரை இறக்கிய முடி முழுவதற்கும் வரியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கட்டினால் ஆலை மிஞ்சாது. என்னிடம் வேலை செய்கிற இருபத்திரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எப்போது வரட்டும் என்று கேட்டார்கள். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

அவர்களாக வரவில்லையாம். நான் சலுகைச் சரக்கை வெளியில் கைமாற்றுவதாக யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பிப்ரவரி பதினாலு என்று அதில் தேதி இருந்தது.

உன் பெயரை நான் சொல்லவில்லை. நீயும் எதுவும் சொல்லாதே.

தங்கை

*

17 மார்ச்

தங்கைக்கு,

அந்த மனுவைக் கொடுத்தது நான்.

கோர்ட் வாசலில் டைப் அடிக்கிற கடையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல ஒருவர் அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்து, இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். யாரோ என்றேன். பெயர் போடாமல் கவரில் வைத்துக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்னை அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நம்பு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் இதுதான் உண்மை. அவர்கள் வருவார்கள், எண்ணுவார்கள், எல்லாம் சரியாக இருக்கும், போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் நீ வியர்த்து நிற்க வேண்டும், உன் பெண்கள் முன்னால் யாராவது உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என்னைப் பொருத்துகிறவள் என்று சொன்னார்களே, உன்னையும் எதையாவது சொல்லட்டும் என்றுதான்.

எனக்குப் பொறாமை. இந்த வார்த்தையை இதுவரை எழுதாமல் எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன். உன் உத்தரவைப் பார்த்துப் பொறாமை, உன் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுப் பொறாமை. உன் பெண்கள் மத்தியானம் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள், என் பெண்கள் சத்தம் போடாமல் சாப்பிடுகிறார்கள். அதற்கும் பொறாமை. கல்யாணத்தில், குழந்தையில், வீட்டில் எதிலும் நீ என்னை முந்தியதில்லை. அதனால் எனக்கு இது வரும் என்றே தெரியாமல் போய்விட்டது. ஐம்பது வயதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனுக் கொடுத்த அன்று அது பொய். நீ ஆறு பெட்டியை அனுப்பி அதை உண்மையாக்கிவிட்டாய்.

அன்றைக்கு அந்தக் கதவுக்கு வந்தது அதைச் சொல்லத்தான். மனுவை நான் போட்டிருக்கிறேன், இந்தப் பெட்டிகளை உடனே உள்ளே எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் போதும். ஹோட்டல்காரர் சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். வருகிறது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், பெட்டிகளை அதற்குள் பிரித்துவிட்டிருந்தார்கள். தடுக்கவில்லை. இன்று ஒரு கட்டுகூட மீதி இல்லை. எல்லாம் பிரஷ்ஷாகி ஹோட்டல் அறைகளில் கிடக்கின்றன.

நான் என்ன செய்யட்டும் என்று நீயே சொல்.

அக்கா

*

19 மார்ச்

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

நீ கவுன்ட்டரில் கவரைக் கொடுத்தபோது நம் ஏஜென்ட் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறார். உன்னைப் பார்த்துக் கும்பிட்டாராம், நீ கவனிக்கவில்லையாம். பிறகு உள்ளே எனக்கு எதிராக ஒரு மனு வந்திருக்கிறது என்று அவர் காதில் விழுந்ததும் என்னிடம் வந்து சொன்னார். பிப்ரவரி இருபதிலேயே தெரியும்.

இப்போது நீ கேட்க வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டே ஏன் பெட்டிகளை அனுப்பினேன்?

அன்பால் அனுப்பவில்லை. அனுப்பிய கடிதத்தில் அப்படித் தெரியும்படி எழுதினேன், அதை நான்கு தடவை திருத்தினேன். என்மேல் அப்படி ஒரு மனுவை எழுதியவள், சிவப்பு முத்திரை குத்திய பெட்டியைத் தன் கையால் வாங்குவாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. வாங்க மாட்டாய் என்றுதான் நினைத்தேன். கூச்சப்பட்டாவது திருப்பி அனுப்புவாய், அல்லது கதவு வழியாக வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்வாய் என்று ஆறு மணி வரை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டது. போன் அடித்ததும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

இருபத்திரண்டு பேர் சோற்றை வைத்து உன்னைச் சோதித்திருக்கிறேன். ஆலை நடத்துகிறவள் செய்கிற காரியமா இது? புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன். ஆனால் ஏன் கெட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருஷமும் உனக்கு முதல், எனக்கு மீதி. உனக்குப் புதுச் சட்டை, அது சிறுத்ததும் எனக்கு. பாகம் பிரிக்கும்போதுகூட அம்மா சொன்னது, பெரியவள் எடுத்துக்கொள்ளட்டும், சின்னவள் இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்வாள் என்று. நான் சமாளித்துக்கொள்கிறவளாகவே வளர்ந்துவிட்டேன். உன் கையில் இருந்த எதையும் நான் கேட்டதில்லை. கேட்காததால் ஆசை இல்லை என்று நீங்களாக எழுதிக்கொண்டீர்கள். ஒரே ஒரு விஷயத்திலாவது நான் உன்னைவிட மேல் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீ பெட்டிகளை வைத்துக்கொண்டாய். தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யாதே. விசாரணைக்கு வராதே. நீ அங்கே வந்து நின்று உண்மையைச் சொன்னால், ஆலை போன பிறகு எனக்கென்று மிஞ்சுகிற அந்த நல்லவள் என்ற பெயரையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அதையாவது எனக்கு விட்டுவை.

தங்கை

*

30 மார்ச்

தங்கைக்கு,

நான் வந்தேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நேற்று அந்த அறையில் நீ செய்ததை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதிகாரி அம்மா ஆறு பெட்டி எங்கே என்று உன்னைக் கேட்டார். நான் எழுந்தேன்.

"அந்த மனு நான் போட்டது. அந்த ஆறு பெட்டியையும் வாங்கி ஓட்டினது நான்தான்."

அறையே திரும்பிப் பார்த்தது. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு நிற்கிறேன். அவர் உன்னைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்கிறார். நீ என்ன சொன்னாய்?

"இல்ல மேடம். எங்க அக்கா என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே உன் முடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன். பொய் சொல்லத் தெரியாது என்று எழுதினாயே, அதை மட்டும் எவ்வளவு கச்சிதமாகச் சொன்னாய். நான் உண்மை சொன்ன பெருமைகூட எனக்கு வந்துவிடக் கூடாது என்று ஆலையையே தூக்கிக் கொடுக்கத் தயாராகிவிட்டாய். நான் மனுப் போட்டது தப்புதான். ஆனால் பொறாமையில் நீ எனக்குச் சளைத்தவள் இல்லை, தாயே.

இதையும் செய்வாய் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உன்னோடு பிறந்தவள் இல்லையா நான். அதனால்தான் முந்தின நாள் ஹோட்டல்காரரிடம் போய் நின்றேன். நான் கொடுத்த பிரஷ்ஷில் நூறு திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஏதாவது கோளாறா என்று கேட்டார். பிரஷ்ஷில் இல்லை, என்னிடம்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நூறையும் ஒரு பையில் போட்டு விசாரணைக்குக் கொண்டுவந்தேன். மேஜையில் கொட்டினேன். என் கைப்பிடி, அதில் உன் முடி. அந்த நீல இழை போட்ட முடியை இந்த ஊரில் உன்னைத் தவிர யாரும் இறக்கவில்லை என்பது அவர்களுடைய ஏட்டிலேயே இருக்கிறது. அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, உங்களுக்கு நடுவுல வேற யாரும் பிறக்கலையே என்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

தீர்ப்பை நீயும் கேட்டாய். நீ விற்கவில்லை, லாபம் பார்க்கவில்லை என்பதால் எச்சரிக்கையோடு உன் சலுகை திரும்பக் கிடைக்கிறது. ஆறு பெட்டிக்கான வரியும் அபராதமும் என் தலையில். இரண்டு வருஷத்துக்கு நான் எந்தச் சலுகைக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஹோட்டல்காரர் இன்று காலை போன் செய்தார். மீதிப் பாதியையும் உனக்கே கொடுக்கப் போகிறாராம். சரி என்றேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கவில்லை. அரை மணி நேரம்தான்.

உன் ஆலை பிழைத்ததில் எனக்கு ஒரே சந்தோஷம் என்று எழுத ஆசைதான். பாதி சந்தோஷம் இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்று உனக்கே தெரியும்.

என்னை மன்னித்துவிடு.

அக்கா

*

4 ஏப்ரல்

அக்காவுக்கு,

அறைக்கு வைத்த சீலை உடைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். மிஷின் முதல் நாள் மக்கர் பண்ணியது, இரண்டாம் நாள் ஓடியது.

எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. உன்னுடையதும் சேர்ந்து கிடைத்திருக்கிறது. நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். இரண்டு நாளாக இந்த ஆலையில் என்ன பேச்சு தெரியுமா? நீதான். வாட்ச்மேன் அண்ணன் விசாரணைக்கு வந்திருந்தாரே, அவர் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து வாசலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நீ மேஜையில் பிரஷ்ஷைக் கொட்டியதை அவர் நடித்தே காட்டுகிறார். முடி அறுக்கிற இடத்தில் பெரியம்மா, கைப்பிடி வார்க்கிற இடத்தில் பெரியம்மா, சாப்பிடுகிற இடத்தில் பெரியம்மா. எட்டு மாதம் நடந்து உத்தரவு வாங்கியவள் நான். சம்பளம் கொடுக்கிறவள் நான். நேற்று பொறுக்க முடியாமல், மனுவைப் போட்டு உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினதே அவங்கதான் என்று சொன்னேன்.

பேக்கிங்கில் இருக்கிற மூத்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"தெரியும்மா. ஆனா வந்து சொன்னாங்கல்ல."

எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது அக்கா. நீ செய்த அந்த ஒன்றை நான் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். நீ எழுந்து நின்று சொன்னபோது, இல்லை என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. மன்னிப்பு நீ மட்டும் கேட்க வேண்டியதில்லை.

அவர்கள் உன்னைப் பார்க்க வேண்டுமாம். நாளை மத்தியானம் சாப்பிடுகிற நேரத்துக்கு வா. வாசல் வழியாகச் சுற்றி வர வேண்டாம், சின்னக் கதவைத் திறந்து வைக்கிறேன். நீ உள்ளே வந்ததும் இருபத்திரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். நான் எழுந்திருக்க மாட்டேன். எனக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பேன்.

தங்கை